எடைக் கலன்களுக்கு அடியில் லோட் செல் மவுண்ட் பொருத்துதல்: அடித்தளம் முதல் அளவுத்திருத்தம் வரை முழுமையான வழிகாட்டி

முழுக் கொள்ளளவு எடை ஏறினாலும், எடையை மின் சிக்னலாக மாற்றும் ஒரு லோட் செல் அமுங்குவது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான், கிட்டத்தட்ட ஒரு விரல் நகத்தின் கனம். பல டன் பொருளின் எடையை அந்த அசைவிலிருந்துதான் படிக்கிறோம். அதற்குக் குறுக்கே ஒரு பைப், ஒரு தளத்தகடு, காய்ந்து இறுகிய ஒரு பிடி சிமென்ட் நின்றாலும் எடை தப்பாகும்.

வேலை முழுவதும் இரண்டு விதிகளை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் அவற்றிலிருந்தே வந்துவிடும். கலனின் எடை தரைக்கு இறங்க லோட் செல்லைத் தவிர வேறு வழி இருக்கக் கூடாது. லோட் செல் வழியாக எடையைத் தவிர வேறெதுவும் போகக் கூடாது. வெல்டிங் மின்னோட்டமும், பக்கவாட்டுத் தள்ளும், முறுக்கும், விழும் கலனின் அதிர்ச்சியும் இதில் அடக்கம்.

கொள்ளளவைத் தேர்ந்தெடுப்பது

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். காலியாக 4 டன் எடையுள்ள சைலோ, உள்ளே 12 டன் தூள், நான்கு கால்கள். மொத்தம் 16 டன், காலுக்குச் சராசரி 4 டன். 5 டன் செல் போதும் என்று தோன்றும். ஆனால் நான்கு கால்களும் சமமாகத் தாங்குவது அரிது. பொருள் ஒரு பக்கமாகக் குவியும், காற்று தள்ளும், மேலிருந்து பொருள் விழும் வேகமும் சேரும். சராசரியை 1.5 மடங்காக்கினால் 6 டன். அதற்கு அடுத்துக் கிடைக்கும் அளவான 7.5 டன்னை எடுங்கள்.

அதற்கு மேலும் பெரிதாக எடுத்தால் சிக்னல் சிறுத்துவிடும். 2 மில்லிவோல்ட்/வோல்ட் செல்லுக்கு 10 வோல்ட் கொடுத்தால் முழுக் கொள்ளளவில் 20 மில்லிவோல்ட் வரும். நான்கு செல்களின் மொத்தக் கொள்ளளவு 30 டன் என்பதால் 12 டன் பொருளுக்குக் கிடைப்பது 8 மில்லிவோல்ட். 2 கிலோ பிரிவாகக் காட்டினால் 6000 பிரிவுகள், பிரிவுக்குச் சுமார் 1.3 மைக்ரோவோல்ட். எடையைக் காட்டும் உங்கள் இண்டிகேட்டரின் குறைந்தபட்ச உள்ளீடு இதற்குக் கீழே இருக்கிறதா என்று அதன் விவரத்தாளில் பார்த்த பிறகே செல் வாங்குங்கள்.

திறந்தவெளிக் கலனுக்குக் காற்றைக் கணக்கிடாமல், செல்லைப் பிடித்துக் காலோடு இணைக்கும் மவுண்டைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. இதே சைலோ 2.5 மீட்டர் விட்டம், 6 மீட்டர் உயரம் என்றால் காற்று மோதும் பரப்பு 15 சதுர மீட்டர். விநாடிக்கு 40 மீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 960 நியூட்டன். உருளை வடிவத்துக்கான 0.8 குணகத்தைப் பெருக்கினால் பக்கவாட்டு விசை சுமார் 11.5 கிலோநியூட்டன். கலனின் நடுப்பகுதி மவுண்டுக்கு மேல் 4 மீட்டரில் இருந்தால் கவிழ்க்கும் திருப்புவிசை 46 கிலோநியூட்டன் மீட்டர். கால்களுக்கு இடையே 2 மீட்டர் என்றால், காற்று வரும் பக்கத்துக் கால் ஒவ்வொன்றிலும் 11.5 கிலோநியூட்டன் தூக்குவிசை வரும். காலிக் கலன் ஒரு காலில் தரும் எடையோ 9.8 கிலோநியூட்டன்தான். அதாவது கலன் காலியாக இருக்கும் நாளில்தான் கால் எழும்பும். காற்று மூலைவிட்டமாக அடித்தால் ஒற்றைக் காலில் 16 கிலோநியூட்டனைத் தாண்டும். தூக்கைத் தடுக்கும் போல்ட் உள்ள மவுண்டும், அந்த விசையைத் தாங்கும் நங்கூர போல்ட்டும் இங்கே கட்டாயம்.

மூன்று காலா, நான்கு காலா

புதிதாக வடிவமைக்கும் கலன் என்றால் மூன்று காலுக்கு முயலுங்கள். மூன்று கால் முக்காலி போல எந்தத் தளத்திலும் ஆடாமல் உட்காரும், எடை தானாகப் பகிரும். நான்கு கால் வந்தவுடன் ஷிம் (உயரத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) வேலை வந்துவிடும். ஆனால் உயரமான கலன், காற்று, நிலநடுக்கம் என்று கவிழும் அபாயம் இருந்தால் நான்கு கால்தான் நிலைத்து நிற்கும்.

அடித்தளமும் சட்டகமும்

மவுண்ட் உட்காரும் மேற்பரப்பின் சாய்வு 0.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு டிகிரி சாய்ந்தாலே 4 டன் சுமையில் சுமார் 70 கிலோ பக்கவாட்டு விசை உருவாகிவிடும். நான்கு மேற்பரப்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று டியூப் லெவலிலோ லேசர் மட்டத்திலோ பாருங்கள். ஒவ்வொரு பிளேட்டின் சாய்வையும் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கான்கிரீட் என்றால் பேஸ் பிளேட்டை நங்கூர போல்ட்டின் கீழ்நட்டுகளில் நிறுத்தி மட்டம் பிடித்து, சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் கலவை) ஊற்றுங்கள். பிளேட்டுக்கு அடியில் காற்றுப்பை நிற்காமல் ஒரே பக்கத்திலிருந்து ஊற்றி மறுபக்கம் வழிய விட வேண்டும். கிரவுட் மூட்டையில் போட்டிருக்கும் இறுகும் காலம் முடியும் வரை சுமை ஏற்றாதீர்கள். கிரவுட் செல்லின் பக்கவாட்டில் ஏறிப் பிடிக்காதபடி சுற்றிலும் பலகை கட்டுங்கள்.

இரும்புச் சட்டகம் என்றால், செல்லின் நடுக்கோடு பீமின் வெப் (நடுவில் நிற்கும் செங்குத்துத் தகடு) மேல் நேராக விழ வேண்டும். அந்த இடத்தில் வெப்பின் இரு பக்கமும் ஸ்டிஃப்னர் (வலுவூட்டும் தகடு) வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இது இல்லாவிட்டால் சுமை ஏறும்போது ஃபிளாஞ்ச் (பீமின் கிடைமட்டத் தகடு) முறுக்கிக்கொள்ளும், அதோடு மவுண்டும் சாயும். இன்னொரு பொறி: இரண்டு கால்கள் தூணுக்கு நேர் மேலேயும் மற்ற இரண்டு பீமின் நடுவிலும் இருப்பது. நிரப்பும்போது நடுவில் உள்ளவை அதிகம் இறங்கும், கலன் அந்தப் பக்கம் சாயும். நான்கும் ஒரே அளவு வளைய வேண்டும்.

மவுண்ட் எந்தத் திசையில்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கலன் சூடாகும்போது விரியும். கால்களுக்கு இடையே 2 மீட்டர், வெப்பநிலை ஏற்றம் 60 டிகிரி என்றால் விரிவு 2 மில்லிமீட்டர். நான்கு மவுண்டையும் இறுகக் கட்டிவிட்டால் அந்த 2 மில்லிமீட்டரும் செல்லைப் பக்கவாட்டில் தள்ளும். எனவே ஒரு மவுண்டை நிலையானதாக வையுங்கள். பக்கத்து மூலையில் உள்ளதை ஒரே திசையில், அதாவது நிலையான மவுண்டை நோக்கிய நேர்கோட்டில் மட்டும் நகர விடுங்கள். மற்ற இரண்டும் எல்லாத் திசையிலும் நகரலாம். அதிகமாகப் பைப் இணையும் மூலையில் நிலையான மவுண்டை வைத்தால் பைப்புக்கு வரும் இழுப்பு குறையும்.

எல்லா மவுண்டும் ஒரே வகையாக, உள்ளேயே நகர இடம் வைத்தும் வரும். அவற்றில் பம்பருக்கும் (நகர்வுக்கு எல்லை வைக்கும் தடுப்பு) பிளேட்டுக்கும் இடையே தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போட்டுப் பார்த்தால் போதும்.

செல்லை உள்ளே வைக்கும் முன்

இந்த வேலையில் செல்கள் அதிகம் பலியாவது வெல்டிங்கில்தான். செல்லுக்குள் இருக்கும் அளவிப் பட்டைகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள உலோக இழை. வெல்டிங் மின்னோட்டமோ நூற்றுக்கணக்கான ஆம்பியர். எர்த் கிளாம்ப் சட்டகத்திலும் வெல்டிங் கலனிலும் இருந்தால் மின்னோட்டம் திரும்ப வேறு வழியில்லாமல் செல் வழியாகவே பாயும்.

ஆகவே வெல்டிங் முடியும் வரை செல் அலமாரியிலேயே இருக்கட்டும். அதன் இடத்தில் அதே உயரமுள்ள டம்மி செல்லை வையுங்கள். டம்மி இல்லாவிட்டால் அதே உயரத்துக்கு வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டும் போதும், முனைகள் மட்டும் கடைசலில் சீராகத் திருப்பியிருக்க வேண்டும். மவுண்டிலேயே ஜாக் போல்ட் இருந்தால் அதை இறுக்கி டாப் பிளேட்டை நிறுத்திவைக்கலாம்.

ஒவ்வொரு செல்லையும் பொருத்தும் முன் மேசையிலேயே சோதித்து எண்களை எழுதி வையுங்கள். 350 ஓம் வகையில் சிக்னல் பக்கம் சுமார் 350 ஓம், மின்சாரம் கொடுக்கும் பக்கம் அதைவிடச் சற்று அதிகம். சரியான எண் சான்றிதழில் இருக்கும். சுமையில்லாமல் 10 வோல்ட் கொடுத்தால் வெளியீடு பூஜ்யத்தை ஒட்டி, அதாவது ஒரு மில்லிவோல்ட்டின் சில பத்தில் பங்குக்குள் நிற்க வேண்டும். எல்லா ஒயரையும் ஒன்றாக முறுக்கி உடலுக்கு எதிராக இன்சுலேஷன் பாருங்கள், 50 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம். இன்சுலேஷன் சோதிக்கும் 500 வோல்ட் மெகரைச் செல்லில் வைத்தால் அதுவே அதைக் கெடுத்துவிடும். புதுச் செல்லில் ஆயிரக்கணக்கான மெகாஓம் காட்டும். பின்னாளில் ஈரம் புகுந்ததா, சுமை மீறி வளைந்ததா என்று தெரிய இந்த முதல் நாள் எண்கள்தான் ஒப்பீடு.

தூக்கி இறக்குவது

ஆளுக்கு ஆபத்து உள்ள கட்டம் இதுதான், அவசரப்படாதீர்கள். கலன் காலி என்று யாரோ சொன்னதை நம்ப வேண்டாம். சுவரில் இறுகிய பொருள் ஒரு டன் இருக்கக்கூடும். திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். கலக்கி மோட்டார், அதிர்வி, உள்வரும் வால்வு, காற்றழுத்தம் எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவி வேலை செய்பவரிடம் இருக்க வேண்டும்.

1. ஜாக் வைக்கும் இடத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். காலில் வெல்டிங் செய்த வலுவான பிராக்கெட் வேண்டும். கலனின் சுவர்த் தகட்டில் ஜாக் கொடுத்தால் அது உள்ளே மடங்கும். நான்கு கால் கலனில் எந்த நேரத்திலும் எதிரெதிர் இரண்டு கால்களே முழு எடையையும் தாங்க நேரலாம், அதனால் ஒவ்வொரு ஜாக்கும் கலனின் பாதி எடைக்குக் குறையாததாக இருக்கட்டும்.

2. லாக் நட் உள்ள ஜாக்கையே எடுங்கள். ஜாக் தலைக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய பிளைவுட் துண்டு வைத்தால் வழுக்காது.

3. ஒவ்வொரு மவுண்டுக்கும் பக்கத்தில் பேக்கிங் பிளேட் அடுக்கை வையுங்கள். ஜாக் ஏற ஏற அடுக்கும் ஏற வேண்டும். எந்த நிலையிலும் கலன் விழக்கூடிய தூரம் சில மில்லிமீட்டர்தான் என்று இருக்கட்டும்.

4. தூக்குவிசைத் தடுப்பு நட்டைத் தளர்த்துங்கள். இதை மறந்துவிட்டு ஜாக் அடித்தால் நங்கூர போல்ட்டைப் பிடுங்கும், அல்லது போல்ட் இழுபட்டு அறுந்து தெறிக்கும்.

5. ஒரு நேரத்தில் ஒரு மூலை மட்டும், 2 அல்லது 3 மில்லிமீட்டர். டம்மி அசையத் தொடங்கியவுடன் நிறுத்தி, லாக் நட்டை இறக்கி, பேக்கிங்கை இறுக்குங்கள். பக்கத்து மூலைகளில் எதுவும் பிடித்து இழுக்கிறதா என்று பாருங்கள்.

6. டம்மியைக் கொக்கியாலோ நீண்ட இடுக்கியாலோ வெளியே இழுங்கள். இரண்டு பிளேட்டுக்கு நடுவே விரலை நுழைக்காதீர்கள், பேக்கிங் இருந்தாலும் கூடாது.

7. செல்லின் மேல்முகத்தையும் கீழ்முகத்தையும் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன கிரீஸைத் தடவி உள்ளே வையுங்கள். செல்லைக் கேபிளைப் பிடித்துத் தூக்க வேண்டாம். கேபிள் நுழையும் முத்திரை உடைந்தால் ஈரம் அங்கிருந்துதான் உள்ளே போகும்.

8. பேக்கிங்கைப் படிப்படியாக எடுத்து, ஜாக்கை மெல்ல இறக்குங்கள். கடைசி மில்லிமீட்டரில் ஜாக் வால்வைக் கால் சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள். அதிர்ச்சியாக விழும் எடை, நிற்கும் எடையைப் போலப் பல மடங்கு விசை தரும். பெரும்பாலான செல்களின் பாதுகாப்பான மிகைச்சுமை கொள்ளளவில் 150 சதவீதம்தான்.

கிரேனில் இறக்கும் புதுக் கலனாக இருந்தால் டம்மிகளின் மேல்தான் இறக்க வேண்டும். மவுண்ட் போல்ட்டுகள் இறுகும் வரை ஸ்லிங்கைக் கழற்றாதீர்கள்.

நான்கு கால்களின் சுமையைச் சமன்படுத்துவது

பலர் விட்டுவிடுகிற படி இது. இண்டிகேட்டர் மொத்தத்தை மட்டும் காட்டுவதால் ஒரு கால் அந்தரத்தில் நின்றாலும் எடை சரியாகத்தான் தெரியும். கலன் நிரம்பும்போதுதான் மற்ற செல் மீறிப் போகும்.

எல்லாச் செல்லின் ஒயரும் வந்து சேரும் ஜங்ஷன் பாக்ஸில் மின்சாரம் எல்லாச் செல்லுக்கும் இருக்கட்டும். சிக்னல் ஒயர்களை மட்டும் பிரித்து ஒவ்வொரு செல்லின் மில்லிவோல்ட்டையும் தனியாக அளவிடுங்கள். நம் சைலோவில் காலி எடை 4 டன், காலுக்கு 1 டன் என்பதால் ஒவ்வொன்றும் சுமார் 2.67 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். சுற்றி வரும் வரிசையில் அளந்தது 3.6, 1.7, 3.5, 1.9 என்று வைத்துக்கொள்வோம். முதலும் மூன்றாவதும் சேர்ந்து 7.1, இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்து 3.6. கலன் ஒரு மூலைவிட்டத்தில் ஏறி நிற்கிறது என்று இதற்குப் பொருள்.

குறைந்த எண் காட்டும் இரண்டாவது காலின் கீழ் 0.5 மில்லிமீட்டர் ஷிம் வைத்தால் இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்து ஏறும், முதலும் மூன்றாவதும் சேர்ந்து இறங்கும். மூலைவிட்டக் கூட்டுத்தொகைகள் இரண்டும் நெருங்கும் வரை தொடருங்கள். மோட்டார் ஒரு பக்கமாக இருக்கும் கலனில் அந்தப் பக்கத்து இரண்டு செல்களும் எப்போதும் கூடுதலாகவே காட்டும். எத்தனை ஷிம் வைத்தாலும் அது மாறாது, மாற்றவும் தேவையில்லை. மூலைவிட்டங்கள் சமமா என்பது மட்டுமே கேள்வி. எடை நடுவில் உள்ள கலனில் ஒவ்வொரு செல்லும் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்குள் வந்தால் நல்லது.

ஷிம் முழு பிளேட் அளவுக்கு இருக்க வேண்டும். துண்டு துண்டாக வைத்தால் பிளேட் சாய்ந்துவிடும். எப்போதும் மவுண்டின் பிளேட்டுக்கும் காலுக்கும் இடையே வையுங்கள், செல்லை ஒட்டி வைக்காதீர்கள்.

போல்ட்டுகளும் இடைவெளிகளும்

மவுண்ட் போல்ட்டுகளைக் குறித்த முறுக்குக்கு இறுக்குங்கள். தூக்குவிசைத் தடுப்பு நட்டை மட்டும் இறுக்கக் கூடாது. பெரும்பாலான மவுண்ட்டில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இரண்டு நட்டு போட்டுப் பூட்ட வேண்டும். அந்த நட்டு பிளேட்டைத் தொட்டால் அது எடையைச் சுமக்கத் தொடங்கும். ஒரு காகிதத் துண்டை நட்டுக்கு அடியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள், எங்கும் மாட்டாமல் நழுவ வேண்டும்.

கலனைப் பக்கவாட்டில் பிடிக்கும் கம்பிகள் இருந்தால் அவை முழுக்கக் கிடைமட்டமாக இருக்கட்டும். சாய்ந்த கம்பி எடையில் ஒரு பங்கைத் தூக்கிக்கொள்ளும்.

டாப் பிளேட்டையும் பேஸ் பிளேட்டையும் இணைத்து, செல்லைச் சுற்றி 16 சதுர மில்லிமீட்டர் செம்புப் பின்னல் பட்டை ஒன்று போடுங்கள். தளர்வாக வளைந்து தொங்க வேண்டும். மின்னலோ கசிவு மின்னோட்டமோ வந்தால் செல்லை விட்டு அது வழியாகப் போகும்.

பைப்புகள்

எடைக் கலன்களில் விளக்கம் தெரியாத பிழைகளுக்குப் பெரும்பாலும் காரணம் பைப்தான். 100 மில்லிமீட்டர் இரும்புப் பைப் ஒன்று கலனிலிருந்து கிடைமட்டமாக வெளியேறி, ஒரு மீட்டரில் கிளாம்ப் போட்டிருக்கிறது. நிரப்பும்போது கலன் சட்டகத்தோடு சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் அந்தப் பைப் 700 கிலோவுக்கும் மேல் தூக்கிப்பிடிக்கும். அதே கிளாம்ப் 3 மீட்டரில் இருந்தால் 27 கிலோதான். நீளம் மூன்று மடங்கானால் விசை 27இல் ஒரு பங்காகக் குறைகிறது. இந்த விசையை அளவுத்திருத்தம் சமாளிக்கும் என்று விட வேண்டாம். வெயிலில் பைப் நீளும்போதும் கிளாம்ப் தளரும்போதும் அது மாறிக்கொண்டே இருக்கும்.

அதனால் முதல் தாங்கியை முடிந்த அளவு தூரத்தில் வையுங்கள், பைப்பை மெல்லிய சுவருள்ளதாக எடுங்கள், கலனிலிருந்து கிடைமட்டமாகவே கொண்டுபோங்கள். பைப் தாங்கியைக் கலன் நிற்கும் அதே சட்டகத்தில் பொருத்தினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். செங்குத்தாக இணையும் பெல்லோஸ் (மடிப்புகள் உள்ள நெகிழும் பைப் இணைப்பு) அழுத்தத்தில் எடையாகத் தெரியும்: 150 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 1 பார் அழுத்தம் சுமார் 180 கிலோ தள்ளும். கிடைமட்டமாக வைத்தால் அந்தத் தள்ளு எடையில் சேராது. ஏணி, நடைபாதை, கைப்பிடி எதுவும் கலனையும் கட்டடத்தையும் ஒரே நேரத்தில் தொடக் கூடாது.

கேபிளும் ஜங்ஷன் பாக்ஸும்

நான்கு ஒயர் செல்லின் கேபிளை வெட்டாதீர்கள். அந்த நீளத்துக்குத்தான் அது தொழிற்சாலையில் திருத்தப்பட்டிருக்கிறது. செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.4 சதவீதம் வரை மாறுவதால் நீளம் மாறினால் வெப்பநிலைத் திருத்தமும் மாறிவிடும். மிச்சத்தைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். பாக்ஸிலிருந்து இண்டிகேட்டருக்கு ஆறு ஒயர் கேபிள் போடுங்கள். அதில் கூடுதலாக உள்ள சென்ஸ் ஒயர், கேபிள் நீளத்தால் குறையும் வோல்டேஜைச் சரிசெய்யும். கேபிளுக்குள் ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஓட்ட வேண்டாம். கேபிள் பாக்ஸுக்குள் நுழையும் கிளாண்டுக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் உள்ளே வழியாமல் அங்கேயே சொட்டும். எலி கடிக்கக்கூடிய இடமென்றால் வளையும் இரும்புக் குழாய்க்குள் போடுங்கள், அதன் முனை கலனை இழுக்காதபடி.

அளவுத்திருத்தம்

முதலில் கலனை மூன்று முறை முழுமைக்கு நெருக்கமாக நிரப்பி இறக்குங்கள். போல்ட், ஷிம், கிரவுட் எல்லாம் தங்கள் இடத்தில் அமரும். பிறகு ஒவ்வொரு காலுக்கு அருகிலும் ஒரே எடைக்கல்லை, உதாரணமாக 500 கிலோவை, மாறி மாறித் தொங்கவிட்டு எடை ஒன்றுபோல் வருகிறதா பாருங்கள். வேறுபட்டால் முதலில் அந்த மூலையில் எதாவது தொடுகிறதா என்று தேடுங்கள். ஜங்ஷன் பாக்ஸின் டிரிம்மரை (ஒவ்வொரு செல்லின் சிக்னலையும் சற்றே மாற்றும் திருகு) திருகி மறைப்பது கடைசி வழி.

12 டன்னுக்கு எடைக்கல் இருக்காது. 2 டன் இருந்தால் மாற்று முறை போதும்: கற்களை ஏற்றி எண்ணைக் குறித்து, இறக்கி, அதே எண் வரும் வரை பொருள் நிரப்பி, மீண்டும் கற்களை ஏற்றுங்கள். இப்படி 2 டன் 2 டன்னாக மேலே போகலாம். இறக்கும்போதும் அதே புள்ளிகளில் எண்களை எடுங்கள். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் காட்டினால் எங்கோ உராய்வு இருக்கிறது.

எண் நகர்ந்துகொண்டே இருந்தால் இன்சுலேஷனைப் பாருங்கள், பெரும்பாலும் ஈரம். காலிக் கலனின் எண் ஒரே நாளில் தாவி நின்றால் மிகைச்சுமையில் செல் வளைந்திருக்கலாம். பிரித்து, சுமையில்லாமல் அளந்து, மேசையில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். காற்றடிக்கும்போது மட்டும் ஆடினால் பம்பர் இடைவெளி. வெயில் ஏறும்போது மாறினால் பைப்.

முதல் முறை முழுதாக நிரப்பியவுடனும் ஒரு வாரம் கழித்தும் நட்டு இடைவெளிகளைக் காகிதத் துண்டால் மறுபடி பாருங்கள். சுமையில் கால்கள் இறங்கியிருக்கும். மவுண்ட்டுக்கு அடியில் சேரும் தூளை வாரம் ஒருமுறை அள்ளிவிடுங்கள். நான்கு செல்களின் காலி மில்லிவோல்ட், தொடர் எண், ஷிம் கனம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். டம்மிகளை வீசிவிட வேண்டாம். அடுத்த முறை அந்தக் கலனில் வெல்டிங் வரும்போது முதலில் தேடுவது அவற்றைத்தான்.